கனடாவில் பூர்வகுடி மாணவர்கள் பர்சரிக்கு விண்ணப்பிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கனடாவில் கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போகும் பூர்வகுடி மாணவர்களுக்கென்று பர்சரி, அதாவது திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகை, என்று பணம் இருக்கிறது. ஆனால் அது ஒரே இடத்தில் இல்லை. கொஞ்சம் பேண்ட் (ஒரு பூர்வகுடிச் சமூகத்தின் நிர்வாகம்) ஆபீஸில், கொஞ்சம் இன்ட்ஸ்பயர் மாதிரி அமைப்புகளில், கொஞ்சம் நீங்கள் படிக்கும் கல்லூரியிலேயே, மிச்சம் மாகாண அரசிலும் வங்கிகளிலும். ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம், தனிக் கெடு. இதை யாரும் வரிசையாக உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை என்பதால்தான் நல்ல தகுதியுள்ள பிள்ளைகள்கூட செப்டம்பரில் கடனோடு வகுப்புக்குப் போகிறார்கள்.

தமிழில் எதற்கு இது என்று கேட்டால், காரணம் இருக்கிறது. அப்பா தமிழ், அம்மா அனிஷினாபே (பூர்வகுடி மக்களில் ஒரு பிரிவு) என்று இருக்கிற வீடுகள் இங்கே உண்டு. வடக்கே ரிசர்வுகளில் (பூர்வகுடிச் சமூகங்களுக்கென்று ஒதுக்கிய நிலங்களில்) ஆசிரியராக, நர்ஸாகப் போய் வேலை பார்க்கும் தமிழர்கள் உண்டு. கல்லூரியில் ஆலோசகராக இருப்பவர்களும் உண்டு. உங்களுக்காகவோ, உங்கள் பிள்ளைக்காகவோ, உங்கள் மாணவருக்காகவோ இதை வைத்துக்கொள்ளுங்கள். கீழே "நீங்கள்" என்று எழுதுவதெல்லாம் விண்ணப்பிக்கிற மாணவரைத்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இந்த இடத்திலேயே தயங்கி நின்றுவிடுகிறார்கள். இது யாரோ இரக்கப்பட்டுப் போடும் காசு இல்லை. 1871-இல் லோயர் ஃபோர்ட் கேரியில் அரசுக்கும் பூர்வகுடிகளுக்கும் நடுவே கையெழுத்தான முதலாம் உடன்படிக்கையிலேயே, மக்கள் கேட்டால் ஒவ்வொரு ரிசர்விலும் பள்ளிக்கூடம் நடத்துவோம் என்று அரசு எழுதிக் கொடுத்தது. அதே அரசு ஐந்தே வருடத்தில், பூர்வகுடிகள் மேல் போட்ட 1876-இன் இந்தியன் சட்டத்தில், பல்கலைக்கழகப் பட்டம் வாங்குகிற பூர்வகுடி ஆள் தன் சட்ட அந்தஸ்தை இழப்பார் என்றும் எழுதி வைத்தது. படித்தால் உன் மக்களோடு உனக்கிருந்த சட்ட உறவு போய்விடும் என்று மிரட்டப்பட்ட சமூகத்தின் பேரப்பிள்ளைகள்தான் இன்று படிவம் நிரப்புகிறார்கள். ஆகவே கூச்சமே வேண்டாம். கேளுங்கள்.

யாருக்கு உரிமை, எதைக் காட்ட வேண்டும்

கனடாவில் பூர்வகுடி என்றால் ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், இனுயிட், மெட்டி ஆகிய மூன்று மக்கள்தான். வேறு நாட்டில் பழங்குடியாகப் பிறந்து இங்கே வந்தவர்களுக்கு இந்த நிதி பொருந்தாது. படிவத்தில் "ரெஜிஸ்டர்ட் இந்தியன்" என்று ஒரு கட்டம் இருக்கும். அது இந்தியன் சட்டத்தின் கீழ் பதிவான ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் ஆளைக் குறிப்பது, இந்திய வம்சாவளியை இல்லை. அப்படிப் பதிவாகாதவர்கள் தவறிப்போய்க்கூட அதில் டிக் போடாதீர்கள்.

முன்பெல்லாம் பல கல்லூரிகளில் "நான் பூர்வகுடி" என்று எழுதிக் கொடுத்தாலே போதும். பொய்யாக அடையாளம் சொல்லி இடம் பிடித்தவர்களைப் பற்றிய செய்திகள் வந்த பிறகு, இப்போது பெரும்பாலும் ஆவணம் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றுக்கும் முதல் வேலை இந்த ஆவணம்தான். ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் என்றால் ஸ்டேட்டஸ் கார்டு, அதாவது இந்தியன் சட்டத்தின் கீழ் பதிவானதற்கான அட்டை. மெட்டி என்றால் உங்கள் மாகாண மெட்டி அரசு கொடுத்த குடியுரிமை அட்டை (மனிடோபா மெட்டி ஃபெடரேஷன், மெட்டி நேஷன் ஆஃப் ஒண்டாரியோ போன்றவை). இனுயிட் என்றால் உங்கள் நில உரிமை ஒப்பந்தத்தின் கீழ் பதிவானதற்கான அட்டை. அட்டை காலாவதி ஆகியிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கெடுவுக்கு முந்தின வாரம் பார்த்தால் ஒன்றும் செய்ய முடியாது.

அட்டையே இல்லாதவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஸ்டேட்டஸ் இல்லாத ஆளை மணந்ததால் பாட்டி தன் ஸ்டேட்டஸை இழந்தார், அதனால் அம்மாவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை என்கிற கதை பல குடும்பங்களில் இருக்கிறது. அந்த அநியாயத்தை 1985-இன் சி-31 சட்டமும், 2011-இல் நடைமுறைக்கு வந்த சி-3 சட்டமும், 2017-இல் நிறைவேறி 2019-இல் முழுமையாக அமலான எஸ்-3 சட்டமும் படிப்படியாகச் சரி செய்தன. முன்பு ஒருமுறை விண்ணப்பித்து இல்லை என்று சொல்லப்பட்டிருந்தாலும், இன்றைய சட்டப்படி உங்களுக்கு உரிமை இருக்கலாம். பாட்டியின் பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, அவருடைய பேண்டின் பெயர் இவற்றைத் தேடி எடுத்துப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். மாதக்கணக்கில் இழுக்கும், வருடம் தாண்டுவதும் உண்டு. அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஸ்டேட்டஸ் இல்லாத ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் மாணவர்களுக்கும் வம்சாவளிச் சான்று இருந்தால் திறந்திருக்கும் பர்சரிகள் இருக்கின்றன, இன்ட்ஸ்பயரும் அதில் ஒன்று.

முதல் கதவு: உங்கள் பேண்ட், உங்கள் அரசு

ஸ்டேட்டஸ் உள்ள ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் மாணவர்களுக்கு மிகப் பெரிய நிதி பி.எஸ்.எஸ்.எஸ்.பி என்கிற உயர்கல்வி மாணவர் உதவித் திட்டம். மத்திய அரசின் பணம், ஆனால் ஒட்டாவாவுக்கு எழுதிப் பிரயோசனமில்லை. மாணவருக்கு அவர்கள் நேராகக் கொடுப்பதில்லை. உங்கள் பேண்டோ அது நியமித்த கல்வி அமைப்போதான் கொடுக்கும். கட்டணம், புத்தகம், பயணம், வாழ்க்கைச் செலவு எல்லாம் இதில் வரலாம். பட்டப்படிப்பில் சேரத் தேவையான தகுதி பள்ளியில் கிடைக்காதவர்களுக்கு, தயாரிப்பு வகுப்புக்காக யூ.சி.ஈ.பி என்று இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கேளுங்கள்.

நீங்கள் ரிசர்வில் வளராமல் டொரண்டோவிலோ வின்னிபெக்கிலோ பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். ஒருநாளும் போகாத ஊரின் ஆபீஸுக்கு எப்படிப் போன் செய்வது என்று சங்கடப்படுகிற பிள்ளைகள் உண்டு, அது எனக்குப் புரிகிறது. ஸ்டேட்டஸ் கார்டில் உங்கள் பேண்டின் பெயர் இருக்கிறது. அந்த ஆபீஸுக்கு அழைத்து, "எஜுகேஷன் கவுன்சிலரிடம் பேச வேண்டும்" என்று சொல்லுங்கள். பேசும்போது யாருடைய பிள்ளை, யாருடைய பேத்தி என்று சொல்லுங்கள். அவர்களுக்கு அது முக்கியம், உங்களுக்கும் ஒரு சொந்தம் கிடைக்கும். அப்புறம் இந்த நாலைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: கெடு என்றைக்கு, என்னென்ன காகிதம், முன்னுரிமை யாருக்கு, பகுதிநேரப் படிப்புக்கும் உண்டா.

முன்னுரிமையைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம், பணம் எல்லோருக்கும் போதாது. 1996-இல் இந்த நிதியின் வளர்ச்சிக்கு வருடம் 2 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டார்கள். மாணவர் எண்ணிக்கையும் கட்டணமும் அந்த வேகத்திலா ஏறின? பல வருடம் அந்தப் பள்ளத்தைப் பேண்டுகளின் தலையில் கட்டிவிட்டார்கள், காத்திருப்போர் பட்டியலும் அப்படித்தான் வந்தது. 2019 பட்ஜெட்டில் ஐந்து வருடத்துக்கு 32.75 கோடி டாலர் கூடுதலாக ஒதுக்கினார்கள், ஆனாலும் ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவருக்கு முதலிடம், இந்த வருடம் பள்ளி முடித்தவருக்கு அடுத்த இடம் என்று ஒவ்வொரு பேண்டும் ஒரு வரிசை வைத்திருக்கும். கெடு பல இடங்களில் வசந்த காலத்திலேயே முடிந்துவிடும். கல்லூரியில் இடம் கிடைத்த கடிதம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பலருக்கு வழுக்கும் இடம் இதுதான். கடிதம் பின்னால் வரும் என்று எழுதிக் கொடுத்து, படிவத்தை முதலில் போட முடியுமா என்று கேளுங்கள்.

மெட்டி, இனுயிட் மாணவர்களுக்கும் அதே 2019 பட்ஜெட்டில்தான் தனித்தனி உயர்கல்வித் திட்டம் வந்தது. மெட்டி மாணவர்கள் தங்கள் மாகாண மெட்டி அரசிடம் கேட்க வேண்டும்: சஸ்காச்சுவனில் கேப்ரியல் டூமோன் இன்ஸ்டிட்யூட், ஆல்பர்ட்டாவில் ரூபர்ட்ஸ்லேண்ட் இன்ஸ்டிட்யூட் என்று கல்விக்கான கிளைகள் இருக்கின்றன, மனிடோபாவில் லூயி ரியேல் பர்சரி இருக்கிறது. நுனவூட்டில் இருந்து வருபவர்களுக்கு ஃபேன்ஸ் என்கிற மாணவர் நிதியுதவி, வட கியூபெக்கின் நுனாவிக் மாணவர்களுக்குக் கட்டிவிக் இலிசார்னிலிரினிக் என்கிற பள்ளி வாரியம். வெல்டிங், மின்வேலை மாதிரி தொழிற்பயிற்சி அல்லது குறுகிய காலப் படிப்பு என்றால் ஐசெட் என்கிற வேலைப்பயிற்சி நிதியைப் பாருங்கள். டொரண்டோவில் அதை மிஸிவே பீக் என்ற அமைப்பில் கேட்கலாம்.

இரண்டாவது கதவு: இன்ட்ஸ்பயர்

இன்ட்ஸ்பயர் பூர்வகுடிகளே நடத்தும் தேசிய அறக்கட்டளை. 1985-இல் தொடங்கியது, 2012 முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. இதன் வசதி என்னவென்றால், ஒரே ஒரு இணைய விண்ணப்பம் போட்டால் அவர்களிடம் இருக்கும் பல பர்சரிகள், ஸ்காலர்ஷிப்கள் எல்லாவற்றோடும் உங்களைப் பொருத்திப் பார்ப்பார்கள். செவிலியர் படிப்புக்கு என்று ஒருவர் கொடுத்த பணம், குறிப்பிட்ட மாகாணத்துக்கு என்று ஒரு நிறுவனம் கொடுத்த பணம் இதையெல்லாம் நீங்கள் தனித்தனியாகத் தேட வேண்டாம். ஆனால் பொருத்துவது நீங்கள் நிரப்பிய தகவலை வைத்துத்தான். ஆகையால் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். எந்த நேஷன், எந்த ஊர், என்ன படிப்பு, எத்தனையாவது வருடம், குழந்தைகள் உண்டா, ஊனம் உண்டா, எதுவானாலும் உண்மையானதை முழுதாக எழுதுங்கள்.

வழக்கமாக வருடத்துக்கு மூன்று கெடு: பிப்ரவரி 1, ஆகஸ்ட் 1, நவம்பர் 1. உங்கள் வருடத்துக்கான தேதியை அவர்களுடைய தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை கிடைக்கவில்லை என்றால் அடுத்த முறை போடுங்கள், அடுத்த வருடமும் போடுங்கள். கேட்ட தொகை முழுவதும் வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

இன்னொன்று, உங்கள் ஊரில் இணையம் அடிக்கடி அறுந்து போகிறது என்றால் கடைசி நாள் பதிவேற்றம் வேண்டவே வேண்டாம். கெடு நள்ளிரவு என்று போட்டிருந்தால் எந்த நேர மண்டலத்தின் நள்ளிரவு என்றும் பாருங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கிறவருக்கும் லேப்ரடாரில் இருக்கிறவருக்கும் நடுவில் பல மணி நேரம் வித்தியாசம்.

மூன்றாவது கதவு: நீங்கள் படிக்கும் இடம்

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பூர்வகுடி மாணவர் மையம் ஒன்று இருக்கும். டொரண்டோ பல்கலைக்கழகத்தில் ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் ஹவுஸ், மனிடோபாவில் மிகிஸி அகமிக், மெக்கில்லில் ஃபர்ஸ்ட் பீப்பிள்ஸ் ஹவுஸ். முதல் வாரமே போய் முகம் காட்டிவிட்டு வாருங்கள். எந்தப் பர்சரிக்குப் போன வருடம் ஆளே வரவில்லை, எதற்குக் கூட்டம், திடீரென்று வாடகைக்குத் தட்டினால் அவசர நிதி யாரிடம் என்பதெல்லாம் அங்கே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும், இணையதளத்தில் இருக்காது.

கட்டணமே இல்லாத வழிகளும் இருக்கின்றன. வாட்டர்லூ பல்கலைக்கழகம் தான் அமர்ந்திருக்கும் ஹால்டிமண்ட் நிலத்துக்குரிய சிக்ஸ் நேஷன்ஸ் ஆஃப் தி கிராண்ட் ரிவர், மிஸிஸாகாஸ் ஆஃப் தி க்ரெடிட் ஆகிய இரு சமூகத்து மாணவர்களிடம் 2023 செப்டம்பரில் இருந்து கட்டணம் வாங்குவதில்லை. உங்கள் சமூகத்து நிலத்தில் எந்தக் கல்லூரி நிற்கிறது, அது என்ன தருகிறது என்று கேட்டுப் பாருங்கள். அரசுப் பராமரிப்பில் வளர்ந்தவர் என்றால் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கட்டணத் தள்ளுபடி உண்டு, 2023-இல் அதற்கிருந்த வயது வரம்பையும் எடுத்துவிட்டார்கள்.

மாகாண மாணவர் உதவிக்கும் (ஒண்டாரியோவில் ஓசாப்) விண்ணப்பியுங்கள். கடன் வேண்டாம் என்றாலும் போடுங்கள், ஏனென்றால் திருப்பிக் கட்ட வேண்டாத மானியம் அதே விண்ணப்பத்தில்தான் வருகிறது. பேண்ட் பணம் வருவதை மறைக்காமல் காட்டுங்கள். ஒரு இடத்துப் பணம் வந்தால் இன்னொன்றைக் குறைப்பார்களா என்பதை ஒவ்வொரு இடத்திலும் முன்கூட்டியே கேட்பதுதான் நல்லது.

பட்ஜெட்: இங்கேதான் தீர்மானம் ஆகிறது

ஸ்காலர்ஷிப் மதிப்பெண்ணைப் பார்க்கும், பர்சரி தேவையைப் பார்க்கும். சுமாரான மார்க் என்று நினைத்துப் பின்வாங்குபவர்கள் இதை நன்றாக மனதில் வையுங்கள். உங்கள் தேவையைச் சொல்லும் காகிதம் பட்ஜெட்தான். அதை அவசரத்தில் குத்துமதிப்பாக எழுதினால், படிக்கிறவருக்கு உங்களுக்கு எவ்வளவு குறைகிறது என்றே தெரியாது.

உதாரணத்துக்கு, விமானத்தில் மட்டுமே போய்வர முடிகிற வடக்கத்தி ஊரில் இருந்து நகரத்துக்குப் படிக்க வந்திருக்கும் ஒரு மாணவி, செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை 8 மாதம். கட்டணம் 6,500 டாலர். புத்தகமும் லேப்டாப்பும் 1,400. ஒரு அறைக்கு மாதம் 850, ஆக 6,800. சாப்பாடு மாதம் 450, ஆக 3,600. பஸ்ஸும் போனும் மாதம் 120, ஆக 960. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்வரவும் ஏப்ரலில் திரும்பவும் 1,600. மொத்தம் 20,860. வரவு: பேண்ட் தருவது 12,000, கோடை வேலையில் மிச்சம் பிடித்தது 2,500, வார இறுதி வேலையில் மாதம் 300 என்று 2,400. மொத்தம் 16,900. குறைவது 3,960 டாலர். விண்ணப்பத்தில் கேட்க வேண்டிய தொகை அதுதான், அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதும் வரிக்கு வரி தெரிய வேண்டும்.

ஊருக்குப் போகும் விமானச் செலவை ஆடம்பரம் என்று நினைத்துப் பலர் எழுதாமல் விடுகிறார்கள். எழுதுங்கள். குழந்தைப் பராமரிப்பு, குளிர்காலக் கோட்டு, பல்வலிக்கு உங்கள் கையில் இருந்து கட்டுவது, தம்பிக்கு மாதம் அனுப்புகிற பணம், இதெல்லாம் நிஜமான செலவு. குறைத்துக் காட்டினால் நல்ல பெயர் கிடைக்கும் என்றில்லை, தேவை இல்லை போலிருக்கிறது என்றுதான் படும். ஊதிக் காட்டவும் வேண்டாம். தினமும் இப்படிப்பட்ட தாள்களைப் பார்க்கிறவர்களுக்கு மாத வாடகை எவ்வளவு என்று தெரியும்.

கட்டுரை

தன்னைப் பற்றி எழுதச் சொல்லும் அந்த ஒரு பக்கம்தான் எல்லோருக்கும் பயம். பெருமை பேசாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். "நான் இதைச் சாதித்தேன்" என்று எழுத வரவில்லை என்றால், "பாட்டி எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தார், நான் இதைச் செய்துகொண்டிருக்கிறேன்" என்று எழுதுங்கள். அதுவும் நல்ல எழுத்துதான்.

வலியை விற்க வேண்டிய அவசியம் இல்லை. ரெசிடென்ஷியல் பள்ளி (பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வைத்த விடுதிப் பள்ளி), குடும்பத்தில் நடந்த இழப்பு, இவற்றை எழுதினால்தான் பணம் வரும் என்று ஒரு எண்ணம் மாணவர்களிடம் இருக்கிறது. எழுத மனம் இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் ஒரு வரிகூட வேண்டாம். முன்பின் தெரியாத ஒரு குழு படிக்கப்போகிற காகிதம் அது, அதில் எதைப் போடுவது என்பது உங்கள் உரிமை.

வேண்டியது குறிப்பான விஷயம். "என் சமூகத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்று எழுதினால் அது ஆயிரம் விண்ணப்பத்தில் இருக்கிற வரி. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "எங்கள் ஊர் நர்ஸிங் ஸ்டேஷனில் ஓஜி-க்ரீ பேசும் நர்ஸ் யாரும் இல்லை. பாட்டிக்கு டயாலிசிஸ் என்றால் தண்டர் பே போக வேண்டும், அங்கே டாக்டர் சொல்வதை நான்தான் போனில் கேட்டு அவருக்குச் சொல்வேன். மருந்தின் அளவை ஒருமுறை பாட்டி தப்பாகப் புரிந்துகொண்ட பிறகு நர்ஸிங் படிப்பது என்று முடிவு செய்தேன்." ஊர் தெரிகிறது, ஆள் தெரிகிறது, ஏன் இந்தப் படிப்பு என்பதும் தெரிகிறது. கடைசியில், பணம் வந்தால் எது மாறும் என்று இரண்டு வரி: வார இறுதி வேலையைக் குறைத்து, மருத்துவமனைப் பயிற்சிக்கு நேரம் கிடைக்கும் என்பது மாதிரி. எழுதியதை மையத்தில் இருக்கும் எழுத்து ஆலோசகரிடம் ஒருமுறை காட்டுங்கள். ஒரு நல்ல கட்டுரை இருந்தால் அதையே திருத்தித் திருத்தி ஏழெட்டு இடத்துக்கு அனுப்பலாம், ஆனால் முந்தைய பர்சரியின் பெயர் அதில் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

சிபாரிசுக் கடிதம், மற்றக் காகிதங்கள்

கடிதம் கேட்டிருந்தால் குறைந்தது மூன்று வாரம் முன்னால் கேளுங்கள். பெரிய பதவியில் இருப்பவரைவிட உங்களை நன்றாகத் தெரிந்தவர் மேல். சமூகத்தில் செய்த வேலையைப் பற்றி என்றால் ஒரு எல்டரிடமோ (சமூகம் மதிக்கும் மூத்தவர்), நகரத்துப் பூர்வகுடிகளுக்கான நட்புறவு மையத்தில் உங்களைப் பார்த்தவரிடமோ கேட்கலாம். அனிஷினாபே, க்ரீ போன்ற பல மக்களிடம் எல்டரிடம் உதவி கேட்கும்போது புகையிலை கொடுத்துக் கேட்பது முறை. உங்கள் ஊர் வழக்கம் எது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுவிட்டுப் போங்கள். எழுதுகிறவருக்கு உங்கள் கட்டுரையையும் கெடு தேதியையும் சேர்த்து அனுப்புங்கள்.

அட்டையின் இரண்டு பக்கமும், மதிப்பெண் பட்டியல், சேர்க்கைக் கடிதம், சின் எண் (சமூகக் காப்புறுதி எண்), வங்கியின் நேரடி வைப்புப் படிவம், இவை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் போட்டு, ஃபைலுக்கு உங்கள் பெயரையும் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் வையுங்கள். சின் எண்ணையும் வங்கி விவரத்தையும் அதிகாரபூர்வத் தளத்தைத் தவிர வேறெங்கும் கொடுக்காதீர்கள். விண்ணப்பக் கட்டணம் கேட்டால் அது ஏமாற்று வேலை, அப்படியே மூடிவிடுங்கள்.

அனுப்பிய பிறகு

வந்து சேர்ந்தது என்ற மின்னஞ்சல் வராவிட்டால் போன் செய்யுங்கள். ஏதோ ஒரு தாள் குறைகிறது என்று நடுவில் எழுதுவார்கள், அது ஸ்பாமில் போய்க் கிடக்கும், எனவே அங்கேயும் பாருங்கள்.

இல்லை என்று பதில் வந்தால் ஏன் என்று மரியாதையாகக் கேளுங்கள். பேண்ட் மறுத்தால் மேல்முறையீடு எப்படி என்று கேளுங்கள், அதற்கும் ஒரு கெடு இருக்கும். நிதி தீர்ந்ததால் மறுத்திருந்தால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று உறுதி செய்து, ஜனவரி தவணைக்கு மறுபடி அழையுங்கள். யாராவது படிப்பை நிறுத்தினால் அந்தப் பணம் அடுத்தவருக்கு வரும்.

கிடைத்துவிட்டால் ஒரு பாடத்தை விடுவதற்கு முன்னால் பணம் கொடுத்தவரிடம் பேசுங்கள். முழுநேர மாணவர் என்ற நிலை போனால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பிப்ரவரி, மார்ச் வாக்கில் டி4ஏ என்ற வரிச் சீட்டு வரும், பர்சரித் தொகை 105-ஆம் கட்டத்தில் இருக்கும். தகுதியுள்ள முழுநேர மாணவருக்குப் பொதுவாக அதற்கு வரி இல்லை. பகுதிநேரம் என்றால் கட்டணமும் பாடப் பொருள் செலவும் சேர்ந்த அளவுக்கு மட்டும் விலக்கு. வரி இல்லை என்றாலும் வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள், ஜி.எஸ்.டி-க்காக அரசு திருப்பித் தரும் தொகை போன்றவை அதைச் செய்தால்தான் வரும். நன்கொடையாளருக்கு நன்றிக் கடிதம் கேட்டால் அரைப் பக்கம் எழுதி அனுப்பிவிடுங்கள், சில இடங்களில் அது போன பிறகுதான் அடுத்த தவணை வரும்.